அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகும்போது ஆறு மாதம் திட்டம் போடுகிறோம். விசா நேர்காணல், ஊறுகாய் பாட்டில், யாருக்கு என்ன புடவை என்று எதையும் விடுவதில்லை. திரும்பி வருவதற்கோ, கடைசி ராத்திரி பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுப்பதோடு சரி. ஆனால் சிக்கல்கள் அதிகம் வருவது திரும்பும் பயணத்தில்தான். உடம்பில் களைப்பு, பெட்டியில் கனம், மனசு வேறு சரியில்லை.

தம்பி சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறான். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேராக மூன்று முறை போய் வந்திருக்கிறோம். அதன் பிறகு, ஊர் திரும்பப் போகிற சொந்தக்காரர்கள், அப்பாவின் நண்பர்கள் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது ஒரு முறையாவது மாறித்தான் ஆக வேண்டும். எங்கள் வழி துபாய். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து துபாய்க்குப் பதினைந்தரை, பதினாறு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் காத்திருப்பு. பிறகு சென்னைக்கு நான்கு மணி நேரம். ஆக, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 23 மணி நேரம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் என்றால் 29, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்வதாக டிக்கெட்டில் இருக்கிறதே, தப்பா?

தப்பில்லை. கோடையில் கலிஃபோர்னியாவுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே வெள்ளி மாலை 4 மணி என்றால் இங்கே சனி அதிகாலை 4.30. அதோடு 23 மணி நேரத்தைக் கூட்டினால் ஞாயிறு அதிகாலை மூன்றரை. சனிக்கிழமை முழுவதும் வானத்திலேயே போய்விடுகிறது. "சனிக்கிழமை எங்கப்பா போச்சு, கார்ட்டூன் பார்க்கவே இல்லையே?" என்று என் சின்னவன் கேட்டான். வட துருவத்தை ஒட்டிப் பறந்தபோது கீழே விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. கூப்பிட வருகிறவர்கள் தேதியைக் குழப்பிக்கொள்வார்கள். "ஞாயிறு அதிகாலை 3.15" என்று மட்டும் சொன்னால், ஞாயிறு ராத்திரி படுத்து எழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். "சனிக்கிழமை ராத்திரி தூங்காம கிளம்பி வாங்க" என்று சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. அப்பாவின் கையில் இருப்பது முள் கடிகாரம். பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தில் முள்ளை அரை மணி நேரம் தள்ளினால் போதும், இந்திய நேரம் வந்துவிடும். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், வித்தியாசம் பதிமூன்றரை ஆகிவிடும். அப்போது ஒன்றரை மணி நேரம் தள்ள வேண்டும்.

எந்த ஊர் வழியாக வருவது நல்லது?

வயதானவர்களும் குழந்தைகளும் இருந்தால், விலையை விட எத்தனை இடத்தில் மாறுகிறோம் என்பதையே பார்ப்பேன். துபாய், தோஹா, அபுதாபி வழியாக வந்தால் ஒரே ஒரு மாற்றம். பெட்டியை அமெரிக்காவில் போட்டால் சென்னையில்தான் எடுக்க வேண்டும். இடையில் நாமும் கைப்பையும் மறுபடி பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

டெல்லி அல்லது மும்பை வழியாக வந்தால், "நம்ம நாட்டுக்கு வந்துட்டோம்" என்ற தெம்பு இருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கச் சோதனையும் முடிக்க வேண்டும். பெட்டியின் சீட்டில் சென்னை என்று இருந்தாலும், பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு பெட்டி, ஆறு பேர், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பிள்ளைகள். ஒருமுறை செய்தோம். போதும். அப்படி வருவதானால் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வையுங்கள்.

திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் சென்னைக்கே வர வேண்டும் என்று இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது. மேற்குக் கரையிலிருந்து சிங்கப்பூர் வழியாகத் திருச்சியில் இறங்கினால், சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் காரில் குலுங்கி வரும் பாடு மிச்சம்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் இருபதாயிரம் குறைகிறது. எடுக்கலாமா?

தனியாள் என்றால் உங்கள் இஷ்டம். குடும்பத்தோடு என்றால் வேண்டாம் என்பேன். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணிதான். புது டிக்கெட் உங்கள் காசில். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அதோடு தனி டிக்கெட்டில் பெட்டி நேராகப் போகாது. இடையில் வெளியே வந்து எடுக்க வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா வேண்டும். இருபதாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் லட்சத்தில் முடிந்த கதை எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

பெட்டி எவ்வளவு கனம் இருக்கலாம்?

பெரும்பாலும் ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ. ஒரு பெட்டியில் 25, மற்றதில் 21 என்று "கூட்டிக் கழிச்சுப் பாருங்க" என்று கவுன்டரில் சொல்ல முடியாது. பெட்டிக்குப் பெட்டி கணக்கு. காசு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்குகிறவர்களின் முதுகுக்காக வைத்த வரம்பு அது.

கையில் பிடித்துத் தூக்கிப் பார்க்கும் தராசு ஒன்று பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும். அதுவும் 22 கிலோவில் நிறுத்திக்கொள்ளுங்கள், தராசுக்குத் தராசு கொஞ்சம் மாறும். பாதாம், சாக்லேட், வைட்டமின் டப்பா மூன்றும்தான் எமன். "கொஞ்சூண்டு" என்று தொடங்கி எட்டு கிலோவில் நிற்கும்.

பெட்டி அடுக்குவதில் எனக்கு ஒரே ஒரு கொள்கை: ஒருவருடைய துணி எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. ஒரு பெட்டி வராமல் போனால் எல்லோருக்கும் கொஞ்சம் குறையும், யாரும் ஒட்டுமொத்தமாகத் திண்டாட மாட்டார்கள்.

பவர் பேங்க்கைப் பெட்டியில் வைக்கலாமா?

கூடாது, கைப்பையில்தான். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் அறைக்குள் அணைத்துவிடலாம், கீழே சரக்கு அறையில் பிடித்தால் கை எட்டாது. 100 வாட்-ஹவர் வரை பொதுவாக அனுமதி. 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-ஹவர், பயமில்லை. எழுத்து அழிந்துபோன பழையதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான் என்று சொல்லி, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையும் தடை செய்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக இறுக்கி வருகின்றன. ஆகவே போனை முழுவதுமாக ஏற்றிக்கொண்டு ஏறுங்கள்.

நியூடெல்லா, வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் கைப்பையில் கொண்டுவரலாமா?

தடவக் கூடியது எல்லாம் சோதனைக்காரர் கணக்கில் திரவம். 100 மில்லிக்கு மேல் இருந்தால் குப்பைத் தொட்டி. தயிரும் ஊறுகாயும் அதே கதைதான். பெட்டியில் போடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரையே குத்தவில்லை. அடுத்த முறை பிரச்சினை ஆகுமா?

அப்பாவின் நண்பர் ஒருவர் இதற்காக இரண்டு நாள் தூங்கவில்லை. அமெரிக்காவில் வெளியேறும்போது முத்திரை குத்தும் கவுன்டரே கிடையாது. நீங்கள் விமானம் ஏறிய விவரத்தை விமான நிறுவனம் அனுப்பிவிடும், அதிலிருந்து பதிவாகிவிடும். வந்து ஒரு வாரம் கழித்து ஐ-94 (நாம் வந்ததையும் போனதையும் அமெரிக்க அரசு பதியும் கணக்கு) இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் நீங்கள் வெளியேறிய தேதி தெரியும். ஒரு பிரதி எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸ் துண்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

முக்கியமானது இதற்கு முந்திய கட்டம்: அங்கே தங்க எந்தத் தேதி வரை அனுமதி என்பது ஐ-94-ல்தான் இருக்கிறது, விசாவில் இல்லை. விசா பத்து வருடத்துக்கு இருக்கலாம். தங்க அனுமதி பெரும்பாலும் ஆறு மாதம்தான். "பேரன் பிறந்தநாள் முடிஞ்சு போகலாமே" என்று டிக்கெட்டைத் தள்ளிப் போடும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள்.

அப்பாவுக்கு நடக்க முடியும். வீல்சேர் கேட்டால் பொய் சொன்னது போல ஆகாதா?

தெருவில் நடப்பதும் விமான நிலையத்தில் நடப்பதும் ஒன்றல்ல. துபாயில் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்குப் போக நடை, ரயில், நகரும் படி எல்லாம் உண்டு. முட்டி வலி இருக்கிறவர் தாராளமாகக் கேட்கலாம். விமானப் படி ஏற முடியுமா, இருக்கை வரைக்கும் தூக்கித்தான் போக வேண்டுமா என்பதைப் பொறுத்து வீல்சேர் உதவியில் மூன்று வகை இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னால், எது வேண்டும் என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். கவுன்டரில் போய் முதல் முறையாகக் கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான். நல்ல காலோடு, வரிசையைத் தாண்டுவதற்காகக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நிஜமாகத் தேவைப்படுகிறவர் காத்துக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் அனுபவம் ஒன்று. இடையில் மாறும் ஊரில் வீல்சேர் பயணிகளை ஒரு தனி அறையில் உட்கார வைத்துவிட்டு, நேரம் வரும்போது அழைத்துப் போவதாகச் சொல்வார்கள். இரண்டாவது முறை அம்மாவை அப்படி உட்கார வைத்தார்கள். நாங்கள் பிள்ளைகளோடு வாயிலுக்குப் போய்விட்டோம். ஏறச் சொல்லி அறிவிப்பு வந்த பிறகும் அம்மாவைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால், ஆள் மாறும் நேரத்தில் மறந்துவிட்டார்களாம். அம்மா பக்கத்து நாற்காலி மலையாள அம்மாளோடு அவியலுக்குப் புளித்த தயிர் விடுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார். அதிலிருந்து, வீல்சேர் கூடவே குடும்பத்தில் ஒருவர் இருப்பது எங்கள் சட்டம்.

அமெரிக்க விமான நிலையத்தில் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு ஐந்தோ பத்தோ டாலர் கொடுப்பது வழக்கம். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா அப்பா தனியாகத் திரும்புகிறார்கள். ஆங்கிலம் வராது. என்ன செய்வது?

கேள்விகளிலேயே அதிகம் வருவது இதுதான். வீல்சேர் போடுவது, நடக்க முடிந்தாலும், இங்கே நியாயம்தான் என்று நினைக்கிறேன். கால் வலிக்காக இல்லை, வழி காட்ட ஓர் ஆள் கூடவே வருவதற்காக. மொழி தெரியாத பெரியவர்கள் என்று சொல்லி வழித்துணை கேட்டாலும் சில நிறுவனங்கள் தருகின்றன. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில், மேலே தமிழிலும் கீழே ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுங்கள்: "நான் சென்னை போகிறேன். என் விமான எண் இது. எனக்கு வாயிலைக் காட்டுங்கள்." ஒரு தாள் சட்டைப் பையில், ஒன்று கைப்பையில். போனில் மட்டும் வைத்தால் போன் அணைந்ததும் போயிற்று. விமான நிலைய வைஃபையில் சேர்வதற்கு ஓர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரச் சொல்வார்கள் சில இடங்களில், அப்பாவின் இந்திய சிம் அங்கே வேலை செய்யாது. ரோமிங்கைப் போட்டே அனுப்புங்கள். இந்த ஒரு நாளுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. துணைக்கு ஆள் வேண்டும் என்று சமூகக் குழுக்களில் போட்டால், அதே விமானத்தில் வரும் தமிழ்ப் பையனோ பெண்ணோ பெரும்பாலும் கிடைப்பார்கள். "துபாய்ல கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போனா போதும்" என்று கேளுங்கள். ஆனால் அவர்கள் தலையில் பெட்டியைக் கட்டாதீர்கள். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தையும் அப்பா வாங்கக் கூடாது, எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது?

மருந்து எல்லாம் கைப்பையில், நான்கு நாள் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு. இன்சுலினைப் பெட்டியில் போடவே கூடாது, கீழே உறைந்து கெட்டுப் போகலாம். நேரக் கணக்கைக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அங்கே காலை 8 மணி மாத்திரை இங்கே ராத்திரி எட்டரை ஆகிவிடுகிறது. அதை மறுபடி காலைக்கு எப்படிக் கொண்டுவருவது என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறு. இன்சுலினில் சொந்தக் கணக்கு ஆபத்து. "நான் எப்பவும் இப்படித்தான் போட்டுக்குவேன்" என்கிற மாமாக்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இறங்கும்போது கால் வீங்கிப் போய் செருப்பே நுழையவில்லை. ஆபத்தா?

இரண்டு காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கி, ஒரு நாளில் வற்றிவிட்டால் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்ததால் வந்ததுதான். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருந்தால், அல்லது மூச்சு வாங்கினால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இரு மடங்காகிறது என்று சொன்னார்கள். ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. பயந்து நடுங்க வேண்டிய எண்ணிக்கை இல்லை, அலட்சியம் செய்யவும் முடியாது. பயணம் முடிந்து சில வாரங்கள் வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து கழிவறை வரை நடந்து வரட்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டாம். வயதானவர்களுக்கு ஓர இருக்கை. "பாத்ரூம் போகணுமே" என்று தண்ணீரே குடிக்காமல் வருவதுதான் நம் பெரியவர்களின் பெரிய தப்பு. விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பது போல இருக்கும். ஊட்டி உயரத்தில், ஆனால் பாலைவனக் காற்றில், பதினாறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே டிக்கெட் போட வேண்டும்.

சாப்பாடு?

சைவம் வேண்டும் என்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். பட்டியலில் "ஏசியன் வெஜிடேரியன்" என்று இருப்பதுதான் நம் பக்கத்துச் சைவம், ஏ.வி.எம்.எல். என்று குறித்திருக்கும். வெறும் "வீகன்" என்று போட்டால் வேக வைத்த காய்கறி வரும், அப்பா உங்களைப் பார்க்கும் பார்வை நன்றாக இருக்காது. சைவச் சாப்பாடு மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும், அது ஒரு லாபம்.

ஆனாலும் கட்டுச்சோறு கட்டுங்கள். புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி சோதனையில் தாராளமாகப் போகும். ஈரமில்லாததாக இருந்தால் போதும். மேலே போனதும் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மங்கிவிடும், அதனால்தான் விமானச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது. நல்லெண்ணெய் மணக்கும் புளிசாதம் அங்கேயும் தோற்காது. பொட்டலத்தைப் பிரித்ததும் முன் வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்து "எந்த ஊர் சார்?" என்று கேட்டார். கும்பகோணம். அவருக்கும் ஒரு பிடி கொடுத்தோம். மிச்சத்தை இறங்கும் முன் தீர்த்துவிடுங்கள்.

கைக்குழந்தை அழுதுகொண்டே இருந்தால்?

அழும். பக்கத்தில் இருக்கிறவர் முறைப்பார். அவரும் அவர் அம்மாவுக்குக் குழந்தைதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது காது அடைப்பதால் அழுகை கூடும். அந்த நேரத்தில் பாலூட்டினால் அல்லது சூப்பியைக் கொடுத்தால் விழுங்கும்போது காது திறக்கும். அதற்காகவே கடைசி அரை மணி நேரத்துக்கு ஒரு வேளைப் பாலை மிச்சம் வையுங்கள். பெரிய பிள்ளைக்கு மிட்டாய் போதும். தொட்டில் வைக்கும் முன்வரிசை இருக்கையை முன்பே கேட்டு வாங்க வேண்டும், எடை வரம்பு உண்டு.

குழந்தை அங்கே பிறந்து அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருந்தால், ஓ.சி.ஐ. அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இந்திய விசாவோ இல்லாமல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். அம்மா அப்பா இருவரும் இந்தியர் என்பது இதில் செல்லுபடியாகாது.

தங்கம், ஐபோன் கொண்டுவரலாமா? சுங்கத்தில் என்ன சொல்வார்கள்?

பயன்படுத்திய துணிமணி, சொந்தச் சாமான்களுக்கு வரி இல்லை. புதிதாக வாங்கியவற்றுக்கு ஆளுக்கு ஒரு மதிப்பு வரம்பு. 2016 விதிகளில் 50,000 ரூபாயாக இருந்தது, 2026 பிப்ரவரியில் 75,000 ஆனது. பதினெட்டு வயது நிரம்பியவர் ஒருவர் ஒரு லேப்டாப்பை இதற்கு வெளியே வரியில்லாமல் கொண்டுவரலாம். நாலு பேர் வரம்பைச் சேர்த்து ஒரே பொருளுக்குக் கழிக்க முடியாது. இரண்டு லட்சம் ரூபாய் போனை "எங்க நாலு பேருக்கும் சேர்த்து" என்று சொல்வது செல்லாது.

தங்கத்தில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் நகைச் சலுகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு. மூன்று மாதம் பேரனைப் பார்க்கப் போன பாட்டிக்கு அது கிடையாது. இங்கிருந்து போகும்போது கழுத்தில் கனமாகப் போட்டுக்கொண்டு போனால், கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது "இது என் கல்யாண நகைங்க" என்று வாயால் மெய்ப்பிக்க முடியாது.

பிள்ளைக்குப் பரிசாக ட்ரோன் வாங்காதீர்கள், 2022 முதல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரத் தடை. வரி கட்ட வேண்டியது இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள். பச்சை வழியில் போய் மாட்டினால் பொருளும் போகும், அபராதமும் வரும், கூட வருகிறவர்கள் முன்னால் மானமும் போகும்.

பெட்டி வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் புகார் சொல்லலாமா?

கூடாது. பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவன மேசையில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் படிவத்தை எழுதி, எண்ணை வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பெட்டிச் சீட்டு அப்போது வேண்டும். பெட்டிகளைக் கொடுக்கும் முன் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் "கறுப்புப் பெட்டி, நடுத்தர அளவு" என்று திணற வேண்டியதில்லை.

இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்திருக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கணக்கு. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். எங்கள் பெட்டி ஒன்று நான்காம் நாள் வந்தது. உள்ளே இருந்த சாக்லேட் எல்லாம் ஒரே கட்டியாக உருகி, அக்காவுக்கு வாங்கிய ஸ்வெட்டரோடு கலந்திருந்தது. அதற்கு யாரும் இழப்பீடு தரவில்லை. பிள்ளைகள் கத்தியால் வெட்டித் தின்றார்கள், ஸ்வெட்டரைத் தவிர்த்து.

சென்னையில் அதிகாலை மூன்று மணிக்கு இறங்கி ஊருக்கு எப்படிப் போவது?

வளைகுடா வழி விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் சென்னையில் இறங்கும். குடியேற்றம், பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். செயலி வழி டாக்சி வாசலுக்கு வராது, பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்குப் போக வேண்டும். ஒருவர் பெரியவர்களோடு இருக்கட்டும், ஒருவர் வண்டியைப் பிடிக்கட்டும்.

மதுரை, திருநெல்வேலி பக்கம் போகும் அரசுப் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. விமான நிலையத்திலிருந்து தாம்பரம் தாண்டிப் போக வேண்டும். நான் சொல்வது: இறங்கிய உடனே தொலைதூரம் கிளம்பாதீர்கள். கூப்பிட வந்த மச்சானும் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். முப்பதாயிரம் அடி உயரத்தில் பத்திரமாக வந்துவிட்டு, விக்கிரவாண்டிப் பக்கம் ஓட்டுநர் கண் அசரக் கூடாது. சென்னையில் யார் வீட்டிலாவது பகல் முழுக்கத் தூங்கிவிட்டு மறுநாள் போங்கள்.

ஜெட் லாக் எத்தனை நாள் இருக்கும்?

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறது. ஆனால் ஒரு வாரத்தில் பெரும்பாலோர் ஒழுங்குக்கு வந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் கூடப் பிடிக்கும். வந்த மறுநாளே ஆபீஸ் போகிறேன் என்று வீரம் பேசாதீர்கள். நான் பேசினேன். மூன்று மணிக் கூட்டத்தில் தலை மேசையில் இடித்தது.

மருந்து வெயில்தான். பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் கடிகாரம் நகரவே நகராது. தூக்கம் தாங்கவில்லை என்றால் மதியம் அரை மணி நேரம் அலாரம் வைத்துத் தூங்குங்கள். மாலையில் மொட்டை மாடியோ பார்க்கோ, வெளியே போய்விடுங்கள். அங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கும் மெலடோனினைப் பெரியவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம், அவர்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார்கள், அவர்கள் வயிற்றுக்கு அது மதியம். திட்டிப் பயனில்லை. விளக்கை மங்கலாக வைத்து, எதையாவது ஊட்டி, போனைக் கையில் கொடுக்காமல் மறுபடி படுக்க வையுங்கள். முதல் மூன்று ராத்திரிக்கு ஃப்ரிட்ஜில் இட்லி மாவு இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்பே சொல்லி வைத்தால் மாவும், காலைக்கு ஒரு பால் பாக்கெட்டும் வாங்கி வைப்பார்கள்.

பெட்டியை எப்போது பிரிப்பது?

தூங்கி எழுந்த பிறகு. ஆனால் எந்தச் சாக்லேட் யாருக்கு என்ற பட்டியலை அங்கேயே எழுதிப் பெட்டியின் மேல் பக்கம் வைத்துவிடுங்கள். பத்து மணிக்குள் அத்தை வந்து நிற்பார்.